உறுத்தலா, குத்தலா, குடைச்சலா? சிவந்த கண் குறித்த ஒரு கேள்விக்குப் பதில்

பள்ளிகொண்டாவுக்கு அருகில் கரும்பு பயிரிடும் ஒரு குடும்பத்திலிருந்து வந்த கேள்வி இது. வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் இரண்டு கண்களும் சிவந்து ஊருக்கு வந்திருக்கிறான். அவன் வந்த இரண்டாம் நாளே, வீட்டுப் பெரியவருக்கு, அதாவது கேள்வி கேட்டவரின் நைனாவுக்கு (அப்பாவுக்கு), வலது கண் மட்டும் சிவந்திருக்கிறது. பேரனிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று எண்ணி, பேரனுக்காக மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தையே அவருக்கும் விட்டிருக்கிறார்கள். பையனுக்கு ஒரு வாரத்தில் கண் தெளிந்துவிட்டது. பெரியவருக்கோ முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்ததுபோல் இருந்து, பிறகு வலி ஏறி, ஒன்பதாம் நாளாகிய இன்று வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. பார்வையும் புகைபடிந்ததுபோல் மங்கியிருக்கிறது. "ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவருக்குக் கேட்டது, மற்றவருக்கு ஏன் கேட்கவில்லை? இதைவிட வீரியமான சொட்டு மருந்து எது?" என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "சோகை உரிக்கும்போது ஏதோ பட்டதாக நைனா சொன்னார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள் (சோகை என்பது கரும்பின் காய்ந்த இலை). என்னைப் பொறுத்தவரை முழுக் கேள்வியும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களை அதன்பின் படித்துக்கொள்ளலாம். அவருக்கு அந்தச் சொட்டு மருந்தை இனி விட வேண்டாம். வேறு எதையும் வாங்கி விடவும் வேண்டாம். இன்றைக்கே அவரை, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவி உள்ள கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வேலூரில் உங்களுக்குப் பழக்கமான வேறு கண் மருத்துவமனையோ, எதுவானாலும் சரி. நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இருப்பதுதான் முக்கியம்.

நான் மருத்துவர் அல்லன். கண் மருத்துவ உதவியாளராக, பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்த காலத்தில் வேலையில் சேர்ந்து, 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்த காலத்தில் ஓய்வுபெற்றவன். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முகாம்களிலும் நான் செய்த வேலையில் பெரும்பகுதி, சிவந்த கண்களில் எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று பிரித்து அனுப்புவதுதான்.

கண்ணின் வெளிப்புறம் என்று நாம் சொல்வது ஒரே பரப்பு அன்று. இமைகளின் உட்புறத்தையும் வெள்விழியின் முன்பகுதியையும் மூடியிருக்கும் மெல்லிய ஈரச் சவ்வு விழிவெண்படலம். அதற்கு அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடும் ஓர் இழைப்படலம் உண்டு. அதற்கும் அடியில், கண்ணுக்கு உருவம் கொடுக்கும் கெட்டியான வெள்ளைச் சுவர் இருக்கிறது. நடுவில், கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி போலத் தெளிந்து நிற்பது கருவிழிப் படலம். அதில் இரத்தக் குழாய் கிடையாது, ஆனால் உடலிலேயே மிக நெருக்கமாக நரம்பு முனைகள் உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. இந்த நான்கில் எது அழன்றாலும் எதிரில் நிற்பவருக்குத் தெரிவது சிவப்பு மட்டும்தான். ஆகவே சிவப்பு என்பது நோயின் பெயர் அன்று; வீட்டுக்குள் எங்கோ புகைகிறது என்பதற்கான அடையாளம்.

எந்த அறையில் புகைகிறது என்பதைப் பெரும்பாலும் நோயாளியின் வாயிலிருந்தே வாங்கிவிடலாம். தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: அரிப்பு, எரிச்சல், உறுத்தல், கூச்சம், குத்தல், குடைச்சல். ஆனால் நம் ஊர்ப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொல்லாகக் "கண்வலி" என்று சொல்லிவிடுகிறோம். மெட்ராஸ் ஐ வந்தாலும் கண்வலிதான், கருவிழியில் புண் வந்தாலும் கண்வலிதான். உங்கள் வீட்டில் நடந்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இந்தச் சொல் என்பது என் எண்ணம். முகாமில் "கண்வலிங்க" என்று வந்து உட்காருபவரிடம் நான் மறுகேள்வியாகக் கேட்பது, "மணல் விழுந்தாற்போல் இருக்கிறதா, ஊசி வைத்தாற்போல் இருக்கிறதா, பல்வலிபோல் உள்ளே குடைகிறதா, சொறியச் சொல்கிறதா?" என்பதுதான். மணல் என்றால் பெரும்பாலும் விழிவெண்படலம். ஊசி என்றால் கருவிழி. குடைச்சல் என்றால் வெள்ளைச் சுவர் அல்லது கண்ணின் உட்பகுதி. சொறிவு என்றால் ஒவ்வாமை. விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் விளக்கை எடுக்கும் முன்பே பாதி வழியை இது காட்டிவிடும்.

மீதிப் பாதியை வீட்டிலேயே பார்க்கலாம். சன்னலருகே பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கீழிமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். சிவப்பு இமையின் உட்புறத்தில் அதிகமாகவும் கருவிழியை நெருங்க நெருங்கக் குறைந்தும் இருந்தால் அது விழிவெண்படல அழற்சியின் சாயல். மாறாக, இமைக்குள் அவ்வளவு சிவப்பு இல்லாமல் கருவிழியைச் சுற்றி வளையம் கட்டியதுபோல் ஊதா கலந்து சிவந்திருந்தால், கருவிழியிலோ அதற்கு உள்ளேயோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பிறகு பீளையைத் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தேதியையும் அதன் கீழுள்ள சிறிய எழுத்துகளையும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பீளை மறைப்பதால் வரும் மங்கல் துடைத்ததும், இமைத்ததும் விலகும். துடைத்த பிறகும் ஒரு கண்ணுக்கு மட்டும் எழுத்துகள் கலங்கினால் அந்தக் கண் மருந்துக்கடையோடு தீருகிற கண் அன்று.

இனி உங்கள் மகனுக்கு வருவோம். விடுதி, இரண்டு கண், முதலில் ஒன்று பிறகு மற்றொன்று, தண்ணீராக வடிதல், காலையில் இமை ஒட்டிக்கொள்ளுதல், உறுத்தல், காதுக்கு முன்னால் சிறு நெறிக்கட்டு, ஒரு வாரத்தில் தெளிவு என்று நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்லும் வைரஸ் தொற்றோடு பொருந்துகின்றன. பெரும்பாலும் அதற்குக் காரணம் அடினோவைரஸ். இந்தப் பெயரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 1918ஆம் ஆண்டு சென்னையில் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஒவ்வொரு பருவத்திலும் செய்தி உலவுகிறது. 1819இல் தொடங்கப்பட்ட சென்னைக் கண் மருத்துவமனையில் பணியாற்றிய கிர்க்பாட்ரிக், கருவிழியில் புள்ளிகள் விழும் ஒரு கொள்ளைநோயை விவரித்து 1920இல் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அடினோவைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1953இல், அதுவும் அமெரிக்காவில், குழந்தைகளின் மூக்கடிச் சதையான அடினாய்டிலிருந்து. அதனால்தான் அடினோவைரஸ் என்ற பெயர். இதைப் போலவே, 1969இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் தோன்றிப் பரவிய, கண்ணில் இரத்தத் திட்டுகள் விழும் வேறொரு வகைக்கு, மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டு என்பதால் "அப்பல்லோ" என்று பெயர் வைத்தார்கள். 1971இல் அது வங்காளத்தில் பரவியபோது அங்குள்ளவர்கள் அதை, வங்கதேச விடுதலைப் போரின் முழக்கமான "ஜொய் பங்களா" என்ற பெயரால் அழைத்தார்கள். கண்நோய்க்கு ஊர்ப்பெயரும் அரசியலும் ஒட்டிக்கொள்வது நமக்கு மட்டும் உரியது அன்று.

மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும். நோயுள்ளவரின் கண்ணீர் பட்ட கை, துண்டு, தலையணை உறை, கதவின் கைப்பிடி, செல்போன், சொட்டு மருந்துப் பாட்டிலின் முனை ஆகியவை வழியாகவே அது பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு இதம், அவ்வளவுதான். எதிரில் இருப்பவருக்குக் காவல் அன்று. இந்த வைரஸ் உலர்ந்த பரப்பிலும் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் சானிட்டைசரை நம்புவதைவிடச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுவதே மேல். கண்ணில் நீர் வடியும் வரையில், அதாவது தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வரையில், பிறருக்குக் கொடுக்கக்கூடிய நிலையில்தான் அவர் இருக்கிறார். உங்கள் மகனுக்குத் தெளிந்துவிட்டது என்றாலும் உடனே விடுதிக்கு அனுப்பாதீர்கள். இன்னும் சில நாள் வீட்டில் இருக்கட்டும்.

அவனுக்குக் குணமானது அந்தச் சொட்டு மருந்தால் அன்று. அவனே குணமாகியிருப்பான். வைரஸ் மேல் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் வைப்பது, தேவைப்பட்டால் கண்ணீர் போன்ற ஈரச் சொட்டு, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமையைத் துடைப்பது, ஒருமுறை துடைத்த பஞ்சை மறுமுறை தொடாமல் எறிவது, இவை போதும். மருத்துவரிடம் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு: இமைக்குள் வெள்ளையாகப் படலம் படிந்தால், இமை கடுமையாக வீங்கினால், அல்லது எல்லாம் தெளிந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் விளக்கொளி சிதறி, எழுத்து கலங்கத் தொடங்கினால். கடைசியாகச் சொன்னது கருவிழியில் மங்கலான சிறு புள்ளிகள் விழுந்திருப்பதன் அடையாளம். 1920இல் கிர்க்பாட்ரிக் எழுதியதும் இத்தகைய புள்ளிகளைப் பற்றித்தான்.

பாக்டீரியாவால் வருவது வேறு. துடைக்கத் துடைக்க மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு சில நாளில் கேட்கும். இதில் நான் குரலை உயர்த்திச் சொல்வது பச்சிளங்குழந்தைகளைப் பற்றித்தான். பிறந்து 28 நாள் ஆவதற்குள் கண் வீங்கிச் சீழ் வடிந்தால், பிரசவப் பாதையிலிருந்து தொற்றிய கிருமியாக இருக்கலாம்; அதில் கொனோரியாக் கிருமி ஓரிரு நாளிலேயே கருவிழியை ஓட்டையாக்கிவிடக்கூடியது. பாட்டிமார் தாய்ப்பாலைப் பீய்ச்சிவிடச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் அந்தச் சீழுக்கு அது மருந்து ஆகாது. அந்தக் குழந்தைக்குத் தேவை மருத்துவமனையும், பெரும்பாலும் ஊசி மருந்தும்.

இப்போது பெரியவர். பேரனிடமிருந்து ஒட்டியிருக்காது என்று நான் ஏன் நினைக்கிறேன் என்றால், முதலில் கணக்கு உதைக்கிறது. அடினோவைரஸ் உள்ளே புகுந்து கண் சிவக்க ஏறத்தாழ 5 முதல் 12 நாள் ஆகும். பையன் வந்த இரண்டாம் நாளே அவருக்குச் சிவந்துவிட்டது. இரத்தத் திட்டு விழும் வகை ஓரிரு நாளில் வரும்தான், ஆனால் திட்டு எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அடுத்து, ஒரு கண் மட்டும். ஒன்பது நாளாகியும் மற்றது தெளிவாக இருக்கிறது. பீளை இல்லை, குத்தல் இருக்கிறது, கூச்சம் இருக்கிறது, பார்வை குறைந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோகை பட்டிருக்கிறது.

கரும்பில் காய்ந்த சோகையை உரித்தவர்களுக்குத் தெரியும். அந்த இலையின் விளிம்பு மெல்லிய அரம். குனிந்து இழுக்கும்போது கீழிருந்து மேலாக முகத்தில் வீசும். கருவிழியின் மேல்தோலை நூலிழை அளவுக்குக் கீறினால் போதும், அந்த இலையில் இயல்பாக இருக்கும் பூஞ்சைக் காளானின் வித்து உள்ளே போய் உட்கார்ந்துவிடும். நெல் கதிர், வேர்க்கடலைத் தூசு, தென்னை ஓலை, மாட்டின் வால் என்று எதனாலும் இது வரலாம். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பூஞ்சையின் பங்கு மிகப் பெரிது. ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இரண்டும்தான் முன்னணியில் நிற்கின்றன. மதுரை மாவட்டத்தில் 1990களில் எடுத்த கணக்கின்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. நம் பாலாற்றங்கரையிலும் அதே கரும்பு, அதே நெல், அதே வேலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சைப் புண் பதுங்கி வளரும். பாக்டீரியாப் புண் இரண்டொரு நாளில் ஆளை உருட்டிவிடும். பூஞ்சையோ ஒரு வாரம் வரை "ஏதோ உறுத்தல்" என்ற அளவிலேயே இருந்துவிட்டு, இறகு விளிம்பு போல் ஓரம் பிசிறிய சாம்பல் வெள்ளைத் திட்டாக வெளியே தெரியும். அந்த ஒரு வாரத்தில்தான் உங்கள் வீட்டில் அந்தச் சொட்டு மருந்து விடப்பட்டிருக்கிறது. நீங்கள் பாட்டிலைப் பார்த்து எழுதிய பெயர்களில் ஒன்று ஆன்டிபயாட்டிக். மற்றொன்று டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்ததற்கு அதுவே காரணம். சிவப்பும் வீக்கமும் உடல் கிருமியோடு போராடும்போது எழும் புழுதி. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தையே நிறுத்துகிறது. புழுதி அடங்கிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது, எதிர்ப்பில்லாத பூஞ்சை கருவிழியின் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆகவே, மருந்து கேட்கவில்லை என்று சொல்வதைவிட, மருந்து பூஞ்சைக்குத் துணைபோயிற்று என்று சொல்வதே பொருத்தம். "இதைவிட வீரியமானது எது" என்று கேட்டிருந்தீர்கள். அதே வகையில் வீரியமானதை விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ஹெர்பிஸ் வைரஸ் தாக்கிய கருவிழியிலும் இதே கதைதான். அது மேல்தோலில் கிளை பிரிந்த மரம்போல ஒரு புண்ணை உண்டாக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தடவிய காகிதத் துண்டை இமைக்குள் தொட்டு எடுத்து, நீல ஒளியில் பார்த்தால் புண்ணுள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். ஐந்து நிமிட வேலை, சில ரூபாய்ச் செலவு. இந்தச் சோதனை செய்யாமல் சிவந்த கண்ணில் ஸ்டீராய்டு விடுவதை, யார் செய்தாலும், நான் ஏற்பதில்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு முகாமில், முந்தானையில் முடிந்துவைத்திருந்த பாட்டிலை அவிழ்த்துக் காட்டிய ஒரு மூதாட்டி, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நல்லா கேட்டுதுபா, அதான் நானும் விட்டேன்" என்றார். லேபிள் நனைந்து அழிந்திருந்தது. அதே பாட்டிலை அவர் மூன்று வாரமாக விட்டிருக்கிறார். கருவிழி நடுவில், மல்லிகை இதழ் ஒட்டியதுபோல், வெள்ளையாக நின்றது. கண்ணில் பூ விழுந்தது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பெரியவரும் பயப்படாமல் வருவார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, ஸ்லிட் லேம்பில் வைத்து, புண்ணின் ஓரத்திலிருந்து மெல்லிய கத்தி முனையால் துளி அளவு சுரண்டி எடுப்பார்கள். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழை இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். பூஞ்சை என்று உறுதியானால் முதல் மருந்து பொதுவாக நாட்டாமைசின் 5 சதவீதச் சொட்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட மையங்களில் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், புதிதாக வந்த வோரிகோனசோலைவிட இந்தப் பழைய மருந்தே, முக்கியமாக ஃபியூசேரியம் பூஞ்சைக்கு, மேலானது என்று தெரிந்தது. தொடக்கத்தில் மணிக்கொருமுறை விட வேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம். பாலைப்போல் வெளுப்பாகக் கண்ணில் படிந்து நிற்கும். அதைக் கண்டு பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். குணமாக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். ஆழமாகப் போய்விட்ட புண்ணுக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை தேவைப்படலாம். ஒன்பதாம் நாள் என்பது தாமதம்தான், ஆனாலும் கைவிடுகிற நாள் அன்று.

உங்கள் கேள்வியைச் சற்றே தாண்டி, இதே சொட்டு மருந்துப் பாட்டில் செய்யும் இன்னொரு கெடுதலையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும், ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பையன்கள் பலருக்கு ஒவ்வாமை அழற்சி ஆண்டுதோறும் வரும். கண் அரித்துக்கொண்டே இருக்கும், பீளை கயிறுபோல் இழுபடும், மேலிமையைப் புரட்டினால் கூழாங்கல் பரப்பியதுபோல் மேடுமேடாக இருக்கும். ஸ்டீராய்டு விட்டால் மாயம்போல் அடங்கும். ஆகவே பெற்றோரே பாட்டில் பாட்டிலாக, மருந்துச்சீட்டு இல்லாமல், ஆண்டுக்கணக்கில் வாங்கி விடுகிறார்கள். அரிப்பு அடங்கிய கண்ணில் அழுத்தம் ஏறி, கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பார்வை நரம்பைத் தின்றுகொண்டிருக்கும், வலியே இராது. எட்டாம் வகுப்புப் பையன் பக்கப் பார்வையை இழந்து, நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அழிந்த நரம்பு திரும்புவதில்லை. ஒலோபட்டடின், சோடியம் குரோமோகிளைகேட் போன்ற ஸ்டீராய்டு இல்லாத சொட்டுகள், குளிர் ஒத்தடம், தொப்பி, கண்ணைத் தேய்க்காமல் இருக்கப் பழக்குதல் ஆகியவற்றாலேயே பெரும்பாலோருக்குச் சமாளிக்கலாம். கடுமையான நிலையில் ஸ்டீராய்டு தேவைப்படுவதுண்டு. அப்போதும் மருத்துவர் கண்ணழுத்தத்தை அளந்து, நாள் குறித்து, நிறுத்தும் தேதியையும் சேர்த்தே எழுதுவார். தேய்ப்பதும் சாதாரணமானதன்று, தேய்த்துத் தேய்த்துக் கருவிழி கூம்பிப்போன பிள்ளைகளும் உண்டு.

குடைச்சல் என்று சொன்னேனே, அதற்கும் ஓர் ஆள் நினைவுக்கு வருகிறார். பேரணாம்பட்டுப் பக்கத்தில் பீடி சுற்றும் ஓர் அம்மா. புகையிலைத் தூள் பட்டுக் கண் சிவந்தது என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார். இரவில் வலி எழுப்பிவிடுகிறது, புருவத்துக்கும் தாடைக்கும் இழுக்கிறது என்றார். பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது வெள்விழி சிவப்பாக அல்லாமல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. இமைமேல் விரல் வைத்தாலே துடித்தார். அவருடைய விரல் கணுக்கள் வீங்கி, பீடி சுற்றும் வேகம் குறைந்துபோயிருந்ததை அவர் கண்ணோடு சேர்த்து எண்ணவே இல்லை. வெள்ளைச் சுவரில் வரும் அழற்சிக்குப் பின்னால் முடக்குவாதம் போன்ற உடல்நோய் பலருக்கு ஒளிந்திருக்கும். நம் நாட்டில் காசநோயையும் தேட வேண்டும். சொட்டு மருந்தால் மட்டும் அது தீராது. மாத்திரை வேண்டும், இரத்தப் பரிசோதனை வேண்டும். மேலுள்ள இழைப்படலம் மட்டும் அழன்றால் அது சாது: கண்ணின் ஒரு மூலை மட்டும் சிவக்கும், பீளை வராது, வலி பெரிதாக இருக்காது, இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்பவர்கள் பல வீடுகளில் உள்ளதால் இதையும் எழுதுகிறேன். தோலிலிருந்து முடி நீக்கும் சுண்ணாம்புக் கரைசல் கண்ணில் தெறித்தாலோ, வெற்றிலைக் கடைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கிக் கண்ணில் அடித்துக்கொண்டாலோ, மருத்துவமனைக்கு ஓடும் முன் அங்கேயே கழுவ வேண்டும். குழாய், குடம், பாட்டில் தண்ணீர், கிடைத்தது எதுவானாலும், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துணுக்கை ஈரப் பஞ்சால் எடுத்துவிட வேண்டும். அமிலத்தைவிடக் காரம் கொடியது. உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். வண்டி பிடிக்கும் பத்து நிமிடத்தில் போகும் பார்வையை, பிறகு யாராலும் முழுதாக மீட்க முடியாது.

சிவப்பாகத் தெரிந்தும் அழற்சி அல்லாதவை சில உண்டு. இருமலுக்குப் பின்னோ காரணமே இல்லாமலோ வெள்விழியில் இரத்தம் கொட்டியதுபோல் திட்டு விழுந்து, வலியும் மங்கலும் இல்லையென்றால், அது இரண்டு வாரத்தில் தானே கரையும். இரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். வயதானவருக்குத் திடீரென்று கண் சிவந்து, ஒரு பக்கத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் மட்டும் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். கண்ணழுத்தம் திடீரென உயர்ந்திருக்கலாம், அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றி, அதன் டப்பாவோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சொட்டு மருந்து விடுவதைப் பற்றிக் கொஞ்சம். கீழிமையை இழுத்தால் உண்டாகும் சிறு பைக்குள் ஒரு சொட்டு போதும். அந்த ஒன்றையே கண் முழுதாகத் தாங்காமல் கன்னத்தில் வழியவிடும். விட்டபின் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ளட்டும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டிலின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. ஒருவர் பாட்டில் ஒருவருக்கே. திறந்து ஒரு மாதம் ஆனதும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் எறிந்துவிடுங்கள். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு என்று அறிந்துகொள்ளுங்கள்.

பெரியவரை அழைத்துச் செல்லும்போது அந்தப் பாட்டிலையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சோகை பட்ட தேதியையும், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ போதும். பஞ்சு வைத்துக் கட்டுப் போடாதீர்கள், மூடிய சூட்டில் கிருமி இன்னும் வேகமாக வளரும். நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், பன்னீர் என்று வழியில் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, எதையும் விடாமல் போய்ச் சேருங்கள். சுரண்டி எடுப்பதற்கு முன் புதிதாக எந்த மருந்தும் கண்ணில் படாமல் இருந்தால், கிருமி எது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதும் எளிதாக இருக்கும்.